வாய் கோணினால் மூன்று நாள்தான் கெடு

காலையில் எழுந்து பல் துலக்குகிறார் ஒருவர். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைக்கிறது. டீயை வாயில் வைத்தால் அதுவும் ஒழுகுகிறது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் திடுக்கிட்டுப் போகிறார். வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணை மூட முடியவில்லை. சிரித்துப் பார்த்தால் பாதி முகம்தான் சிரிக்கிறது. முந்தின நாள் இரவு படுக்கும்போது காதுக்குப் பின்னால் லேசாக வலித்தது. அவ்வளவுதான்.

அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குவார்கள்.

"என்ன அண்ணாச்சி, ராத்திரி ரயில்ல வாசல்பக்கம் நின்னு வந்தியளா? குளிர் காத்து அடிச்சிருக்கும்."

"இது லக்வா. இங்கே உள்ள டாக்டருக்கு இது பிடிபடாது. ஊருக்குப் போயி எண்ணெய் போட்டுத் தடவுனாப் பதினஞ்சு நாள்ல நேராயிரும்."

மாலைக்குள் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ரயில் டிக்கெட்டுக்கு அலைய ஆரம்பித்துவிடுவார். மும்பையிலும் டில்லியிலும் பிழைக்க வந்த நம்மவர்களில் பலர் செய்வது இதுதான். செய்யக்கூடாததும் இதுதான்.

ஏனென்றால், இந்த நோய்க்கு மருந்து உண்டு; அந்த மருந்துக்கு ஒரு கெடுவும் உண்டு. வாய் கோணியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள், மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மும்பையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர ரயிலில் சுமார் ஒன்றரை நாள் ஆகிறது. டிக்கெட் கிடைக்க ஒரு நாள், ஊர் போய் அலுப்புத் தீர ஒரு நாள், வைத்தியரைத் தேடி ஒரு நாள் என்று சேர்த்துப் பார்த்தால் கெடு எப்போதோ தாண்டிப் போயிருக்கும். தாராவியில் குடியிருப்பவருக்கு சயான் ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பதற்றத்தில் யாரும் நினைப்பதில்லை.

எலும்புக்குள் சிக்கிய நரம்பு

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நரம்பு வீதம் மூளையிலிருந்து புறப்படுகிறது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை மூடுவது, சிரிப்பது, சீட்டியடிப்பது எல்லாம் அதன் வேலை. முகத்துக்கு வந்து சேருமுன் இது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்து செல்லும் ஒரு குழாய் வழியாக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தூரம் பயணம் செய்கிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகலான இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை.

இந்த இடத்தில் நரம்பு வீங்கினால் என்ன ஆகும்? சதைக்குள் ஓடும் நரம்பு என்றால் வீங்குவதற்கு இடம் இருக்கும். எலும்புக்குள் இடம் ஏது? மோதிரம் போட்ட விரல் வீங்கினால் எப்படி இருக்குமோ அதே கதைதான். வீக்கம் ரத்த ஓட்டத்தை அமுக்குகிறது. ரத்தம் குறைய நரம்பு மேலும் வாடுகிறது. முகத்துக்குப் போக வேண்டிய கட்டளைகள் நின்றுவிடுகின்றன. நாக்கின் முன்பகுதிச் சுவைக்கும் இதே நரம்பிலிருந்து ஒரு கிளை போவதால், சிலருக்குச் சாப்பாடு ருசிப்பதில்லை. காதுக்குள் இருக்கும் ஒரு சிறு தசையையும் இது இயக்குவதால், வழக்கமான சத்தம்கூடக் காதை அறைவதுபோலக் கேட்கும்.

வீக்கத்துக்கு மூலகாரணம் ஒரு வைரஸ் கிருமியாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமியின் தடயத்தை, 14 நோயாளிகளில் 11 பேரின் நரம்பு நீரில் கண்டதாக ஜப்பானிய டாக்டர்கள் 1996-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பிரசவ காலம் நெருங்கிய பெண்களுக்கும் இது சற்று அதிகமாக வருகிறது. குளிர் காற்றுப் பட்டதால்தான் வந்தது என்பதற்குச் சரியான நிரூபணம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த நோயோ ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் இருபது முப்பது பேருக்குத்தான் வருகிறது.

ஆங்கில வைத்தியத்தில் இதற்கு 'பெல்ஸ் பால்சி' என்று பெயர். 1774-ல் எடின்பரோவில் பிறந்த சர் சார்லஸ் பெல் என்ற சர்ஜனின் பெயர் இது. 1815-ல் வாட்டர்லூ போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்யப் போனவர் அவர். 1821-ல் முக நரம்புகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை சமர்ப்பித்தார். ஆனால் நோய் அவருக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. பாரசீக வைத்தியர் அல்-ராஸி தம் நூலில் முகம் கோணுவதை விவரித்திருக்கிறார். அரபியில் அதற்கு 'லக்வா' என்று பெயர். மும்பையிலும் டில்லியிலும் நம் காதில் விழும் அதே லக்வாதான். அரபியில் முகம் கோணுவதை மட்டும் குறித்த சொல், இந்திக்கு வந்தபின் கைகால் விழும் பாரிச வாயுவுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இதனால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. முக நரம்பு வீங்கியவர் தமக்குப் பாரிச வாயு வந்துவிட்டது என்று நடுங்குகிறார். நிஜமாகவே பாரிச வாயு வந்தவரோ 'முகம்தானே' என்று அசட்டையாக இருந்துவிடுகிறார். இரண்டாவதுதான் ஆபத்து.

நெற்றியைப் பாருங்கள்

இரண்டையும் பிரித்தறிய டாக்டர்கள் முதலில் பார்ப்பது நெற்றியை. "புருவத்தைத் தூக்குங்கள்" என்பார்கள். முக நரம்பு கெட்டிருந்தால் அந்தப் பக்கம் நெற்றியில் சுருக்கமே விழாது, கண்ணும் மூடாது. மூளையில் கோளாறு ஏற்பட்டுப் பாரிச வாயு வந்திருந்தால், வாய் கோணியிருக்கும். ஆனால் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் சமாளிக்கிறது.

இதை அறையில் உள்ளவர்களே சோதித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. வாய் கோணியதோடு கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது. மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

காதில் கொப்புளம் கிளம்பியிருந்தாலோ, நெடுநாளாகக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தாலோ, முகம் ஒரே இரவில் இல்லாமல் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கோணியிருந்தாலோ அது வேறு நோய். அதற்கு வைத்தியமும் வேறு.

ஸ்காட்லாந்தில் நடந்த சோதனை

வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து ஸ்டிராய்டு. 1948-ல் அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டதிலிருந்து அதன் புகழ் பரவியது. 1955-ல் பிரெட்னிசோலோன் மாத்திரையாக வந்தது. வாய் கோணியவர்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று டாக்டர்கள் நினைத்ததில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், பயன் உண்டா இல்லையா என்று ஐம்பது ஆண்டு காலம் முடிவுக்கு வர முடியாமல் இருந்ததுதான். 1954-ல் இங்கிலாந்தில் நடந்த சிறு சோதனை பயனில்லை என்றது. பின்னால் வந்த சில பயனுண்டு என்றன.

இந்த இழுபறிக்குக் காரணம் நோயின் குணம். டென்மார்க்கில் கோபன்ஹேகனில் ஒரு டாக்டர் இருபத்தைந்து ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து, மருந்தே கொடுக்காத 1,701 நோயாளிகளைக் கவனித்துக் குறித்து வைத்தார். 71 சதவீதம் பேருக்கு முகம் முழுவதும் சரியாகிவிட்டது. மருந்தில்லாமலே நூற்றுக்கு எழுபது பேர் குணமாகும் நோயில், எண்ணெய் தடவியவரும் புறா ரத்தம் பூசியவரும் மந்திரித்தவரும் நல்ல பேர் வாங்கிவிடலாம். கேள்வி எழுபது பேரைப் பற்றியது அல்ல. மிச்சமுள்ள முப்பது பேரைப் பற்றியது. ஒரு கண் முழுதாக மூடாமலும், வாய் அசைந்தால் கண்ணும் சேர்ந்து இடுங்கிக்கொண்டும், சாப்பிடும்போது கண்ணீர் வடிந்துகொண்டும் காலம் தள்ளுகிறவர்கள் அந்த முப்பதில்தான் இருக்கிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுவதும் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய குமாஸ்தாவுக்கும், பெண் பார்க்கப் போக வேண்டிய இளைஞனுக்கும் அது சிறிய சங்கடமல்ல.

இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்து. 2004 முதல் 2006 வரை அங்கே 17 ஆஸ்பத்திரிகளில், வாய் கோணி மூன்று நாளைக்குள் வந்த 551 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிரெட்னிசோலோன், ஒன்றுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து, ஒன்றுக்கு இரண்டும், கடைசிப் பிரிவுக்கு மருந்தே இல்லாத ஒப்புக்கு மாத்திரை. யாருக்கு எது போயிற்று என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பிறகு அவர்கள் முகத்தைப் படமெடுத்து, எந்த மருந்து என்று அறியாதவர்களிடம் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள்.

முடிவு 2007-ல் வெளியாயிற்று. மூன்று மாதத்தில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு முகம் சரியாகியிருந்தது, சாப்பிடாதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பது மாதத்தில் இது முறையே 94.4, 81.6 என்று ஆயிற்று. அதாவது நூறு பேரில் ஏறக்குறைய 13 பேரின் முகம் இந்தப் பத்து நாள் மாத்திரையால் காப்பாற்றப்பட்டது. வைரஸ் மருந்தால் பயன் எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆண்டில் சுவீடனும் பின்லாந்தும் சேர்ந்து 800-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையும் இதையே சொல்லிற்று. அந்தச் சோதனையில், முதல் இரண்டு நாளைக்குள் மாத்திரை தொடங்கியவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் தொடங்கியவர்களிடம் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதும் பின்னால் கணக்குப் பார்த்ததில் தெரியவந்தது. ஆகவே மூன்று நாள் கெடு என்பதை மூன்று நாள் அவகாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எவ்வளவு மாத்திரை?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மருந்து சரி, நாளும் சரி. அளவு போதாமல் போய்விடுகிறது.

ஸ்காட்லாந்தில் கொடுத்த அளவு வேளைக்கு 25 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை. நாளைக்கு 50, பத்து நாளைக்கு மொத்தம் 500 மில்லிகிராம். சுவீடனில் முதல் ஐந்து நாள் தினம் 60. பிறகு நாளைக்குப் பத்தாகக் குறைத்து 50, 40, 30, 20, 10. மொத்தம் 450. வழி வேறானாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் நிற்பது கவனிக்கத்தக்கது. பெரியவர்களுக்கு நாளைக்கு 50 அல்லது 60 மில்லிகிராம், பத்து நாள் அளவுக்கு என்பதுதான் இன்று உலகெங்கும் வழக்கம்.

மருந்துக் கடையில் 'வாய் கோணிக்கொண்டது' என்று சொல்லிக் கேட்டு, 5 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகத்தின் மேலே உள்ள சுரப்பிகள் தாமாகவே அன்றாடம் சுரக்கும் ஸ்டிராய்டு, ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். நாளைக்குப் பத்து மில்லிகிராம் சாப்பிடுவது எலும்புக்குள் நெரிபடும் நரம்புக்கு எந்த மூலைக்கு? எரிகிற கூரைக்குச் செம்புத் தண்ணீர்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பெயருள்ள மாத்திரை 5, 10, 20, 40 மில்லிகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. அட்டை பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், எண்தான் வேறு. டாக்டர் 10 மில்லிகிராம் மாத்திரை ஐந்து என்று எழுத, கடையில் 5 மில்லிகிராம் அட்டை கிடைத்தால், அதே ஐந்து மாத்திரை சாப்பிட்டும் பாதி மருந்துதான் உள்ளே போகும். மராத்தியோ இந்தியோ சரளமாகப் பேச வராதவர்கள் மாத்திரைப் பெயரோடு அந்த எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. 10 மில்லிகிராம் என்றால், ஸ்காட்லாந்து முறைக்கு 50 மாத்திரை, சுவீடன் முறைக்கு 45. விலை மிகவும் மலிவு. மொத்த மருந்தும் ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். இதற்காக ஸ்கேன் எடுக்க வேண்டுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. வழக்கமான முக நரம்பு வாதத்தில் ஸ்கேன் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

ஐம்பது நல்லது என்றால் நூறு இன்னும் நல்லதாயிற்றே? ஜப்பானில் 120 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்த டாக்டர்கள் உண்டு. ஜெர்மனியில் நரம்பு வழியே ஏற்றும் முறையும் இருந்தது. பலன் கூடுதல் என்று அவர்களில் சிலர் சொன்னாலும், ஸ்காட்லாந்தில் செய்தது போன்ற பெரிய குலுக்கல் சோதனையில் அது நிலைநாட்டப்படவில்லை. குழந்தைகள் கதையும் தனி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. ஸ்டிராய்டு கொடுத்ததால் ஒரு மாதத்தில் கூடுதல் பலன் இருந்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு இது தானாகவே நன்றாகக் குணமாகிவிடுகிறது. ஆகவே அப்பாவுக்கு எழுதிய மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

டாக்டரிடம் மறைக்கக்கூடாதவை

சில விஷயங்களை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை வியாதி முதலாவது. இந்த அளவு ஸ்டிராய்டு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். அதனால் மருந்தே கூடாது என்பதல்ல. சர்க்கரையை அடிக்கடி பார்த்து, மாத்திரையையோ இன்சுலினையோ டாக்டர் மாற்றித் தருவார். ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண், கண் அழுத்த நோய், கர்ப்பம் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். முன்பு காசநோய் வந்திருந்தாலோ, இப்போது வாரக்கணக்கில் இருமல் இருந்தாலோ அதை மறைப்பது தற்கொலைக்குச் சமம். அடங்கியிருக்கும் காசநோயை ஸ்டிராய்டு கிளப்பிவிடலாம். பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கும் இடங்களில் இது ஒருவரோடு நிற்கும் விஷயமும் அல்ல.

காலை ஆகாரத்துக்குப் பின் சாப்பிட்டால் வயிறு தாங்கும். இரவில் நேரம் கழித்துச் சாப்பிட்டால் தூக்கம் கெடும். 'மூன்று நாள் சாப்பிட்டேன், முகம் அப்படியேதான் இருக்கிறது' என்று நிறுத்திவிடுகிறவர் ஒரு ரகம். நன்றாகப் பசிக்கிறது, உடம்பு தெம்பாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிய நாளுக்கு மேலும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர் இன்னொரு ரகம். இரண்டாமவர் பாடு கொஞ்ச காலத்தில் பெரும்பாடாகிவிடும். முகம் ஊதும், எலும்பு பலவீனமாகும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம் வரும்.

மின்சாரம் வைப்பதும் வைட்டமின் ஊசி போடுவதும் பல இடங்களில் நடக்கின்றன. மின்சாரம் வைப்பதால் முகம் சீக்கிரம் திரும்புகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எதுவானாலும் மாத்திரைக்குப் பதிலாக ஆகாது.

கண்தான் முக்கியம்

முகம் மெதுவாகத் திரும்பினால் பரவாயில்லை. கண் போனால் திரும்பாது. மூடாத கண் காய்ந்து, தூசி விழுந்து, கருவிழியில் புண் உண்டாகலாம். பஞ்சாலையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பகலில் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டுக்கொண்டு, கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி, மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கண் சிவந்தோ வலித்தோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் புருவமோ உதட்டோரமோ சற்று அசையத் தொடங்கும். அதன்பின் நாளுக்கு நாள் தேறும். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் நரம்பு டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ காட்டி, வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. முகம் இப்படி இருக்கும்போது வீட்டு மனிதர்கள் பக்கத்தில் இருந்தால்தான் ஆறுதல். முதல் வேளை மாத்திரையை இங்கேயே போட்டுக்கொண்டு, மீதியைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம். எந்தத் தேதியில் வாய் கோணியது, எந்தத் தேதியில் மாத்திரை தொடங்கியது, தினம் எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் கூடவே எடுத்துப் போனால், அங்கே பார்க்கிற டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.